கடைசி இருபது அடி

வெர்னா ஸ்கார் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் கரண்டி பிடித்தவர். ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவர் கையால் தக்காளி சூப் வாங்கிக் குடித்தவர்கள்தான். நானும் அப்படித்தான். யாராவது தானே ஊற்றிக்கொள்ளலாம் என்று கரண்டிமேல் கை வைத்தால் போச்சு. "கைய எடுடா. ஊத்தறதுக்குத்தானே நான் நிக்கிறேன்" என்று ஒரு அதட்டல் வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. இப்போது நான் கேஸ் லாரி ஓட்டுகிறேன். வீடுகளைச் சூடாக வைத்திருக்கிற கேஸ். அவர் வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு உள்ளே போனால் காபியை அவர்தான் ஊற்றுவார். கெட்டிலை நான் தொட்டுவிட முடியாது.

அவர் கணவர் ஆர்லோ இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் பன்னும் பன்றிக்கறியும் தின்றுகொண்டிருந்தபோது, ஆர்லோவின் தம்பி டெல்மர் பேச்சை ஆரம்பித்தார். டெல்மருக்கு ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் பண்ணை. பெரிய டிராக்டர், பெரிய குரல், மனசு கெட்டவர் இல்லை.

"அண்ணி, இனிமே நீங்க அங்க தனியா கெடக்க வேணாம். டவுன்ல வயசானவங்களுக்குன்னு நல்ல எடமா கட்டியிருக்காங்க."

மகள் கார்லா ஃபார்கோ நகரத்தில் இருக்கிறாள். அவளும் தலையாட்டினாள். வெர்னாம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"என் வீட்டுப் பாதைய என்னைக்கு என்னால தெறக்க முடியலையோ, அன்னைக்கு நானே பெட்டியக் கட்டிக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் வாயத் தெறக்காதீங்க. டெல்மர், உன் டிராக்டர் என் பாதையில வந்துச்சுன்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தம். வரக்கூடாது."

"சரிம்மா, பேச்சு பேச்சுதான்" என்றாள் கார்லா. அங்கே இருந்த அறுபது பேருக்கும் அது கேட்டது.

பாதை என்றால் ரோட்டிலிருந்து வீடுவரை அறுநூறு அடி. அதைத் திறக்க அவரிடம் இருந்தது ஆர்லோவின் பழைய தோட்ட டிராக்டர். கோடையில் புல் வெட்டுகிற சின்ன வண்டி. குளிர் வந்தால் முன்னால் பனிவாரியை மாட்டிவிடுவார்கள். அது பனியை வாரிக் குழல் வழியாகப் பக்கத்தில் எறியும். ஒரு நடைக்கு மூன்றரை அடி அகலம்தான் திறக்கும். கார் போக இரண்டு நடை போதும். என் லாரி போக மூன்று நடை வேண்டும். முதல் குளிர்காலம் முழுக்க அவர் அதைத் தனியாகச் செய்தார். முகமெல்லாம் பனித்தூள் அப்ப, ஆர்லோவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அந்தக் குட்டி வண்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்து போவதை ரோட்டில் போகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். டெல்மர் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது குளிர்காலத்தில், ஜனவரியில், மூன்று நாள் காற்று அடித்து ஓய்ந்தது. மறுநாள் காலை மைனஸ் நாற்பது. ஏழு மணிக்கு எனக்கு போன்.

"லோவல், இன்னைக்கு வர்றியா? தொட்டியில முள்ளு அஞ்சு பர்சென்ட்ல நிக்குது."

"பாதை தெறந்திருந்தா வருவேன் வெர்னாம்மா. இல்லேன்னா திரும்பத் திங்கக்கெழமைதான்."

"திங்கக்கெழம வந்து என் பொணத்துக்கா கேஸ் ஊத்துவ?"

"கம்பெனி சட்டம். நான் என்ன பண்ண? டெல்மர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

போனை வைத்துவிட்டார். அந்தப் பெயரை நான் எடுத்திருக்கவே வேண்டாம்.

பிறகு நடந்ததை வண்டி நின்ற கோலத்தைப் பார்த்தும் அவர் வாயால் கேட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எதிலும் அவர் அவசரப்படவில்லை. முந்தின நாள் மாலையே என்ஜினுக்கு அடியில் ஆயிலைச் சூடாக்கும் ஹீட்டரை ஒட்டி வைத்திருந்தார். மெல்லிய ஆயில் மாற்றியிருந்தார். முன்பக்கம் பாதியை அட்டையால் மறைத்து, மேலே ஒரு பழைய ரஜாயைப் போர்த்தியிருந்தார். வண்டி நாலாவது இழுப்பில் கிளம்பியது. இரண்டு நடையை வீட்டிலிருந்து ரோடுவரை முழுசாகப் போய்த் திறந்தார். மூன்றாவது நடையை ரோட்டுப் பக்கமிருந்து வீட்டை நோக்கி ஆரம்பித்தார். கை மரத்துப்போனபோதெல்லாம் உள்ளே போய்ச் சூடு காட்டிவிட்டு வந்தார். மூன்று தடவை போனார். மூன்று தடவையும் என்ஜினை அணைக்கவில்லை.

இங்கே யாரும் அணைக்க மாட்டோம். இந்தக் குளிரில் ஓடுகிற என்ஜினை நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த புத்தி. பெரிய வண்டிக்கு அது சரி. ஆனால் சின்ன வண்டியை ஒரே இடத்தில் நிற்கவைத்து என்ஜினை மெதுவாக ஓடவிட்டால், அது மூச்சுவிடுகிற சின்னக் குழாயில் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். மூச்சு முட்டிய என்ஜின், ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தைப் பிய்த்துக்கொண்டு ஆயிலை வெளியே தள்ளிவிடும். ஆர்லோவுக்கு இது தெரியும். இந்த மாதிரி நாளில் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். ஆனால் அந்த மனுஷன் நாற்பது வருஷத்தில் பெண்டாட்டியிடம் நாற்பது வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். இதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம்தான்.

மூன்றாவது தடவை வெளியே வந்து வண்டியை நகர்த்தினார். பத்தடி போயிருக்கும். ஒரு கிறீச்சல், அவ்வளவுதான். பின்னால் வெள்ளைப் பனியில் கறுப்பாக ஒரு கோடு. ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வலது கையுறையைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த துணியுறையெல்லாம் ஆயிலாகிவிட்டது. அந்த ஈரத்தின்மேலேயே கையுறையை மாட்டிக்கொண்டு, மண்வாரியை எடுத்தார்.

டெல்மர் வீடு கண்ணுக்கெதிரே இருந்தது. கையை அசைத்திருந்தால் போதும்.

வண்டி நின்ற இடத்திலிருந்து தொட்டி இருநூறு அடி. என் லாரிக் குழாய் நூற்றைம்பது அடி. ஆக, லாரி ஒதுங்கிப் போக வண்டியைச் சுற்றி இடம் வேண்டும், அதைத் தாண்டி ஐம்பது அடி நீளத்துக்குப் பாதையை இன்னும் மூன்றடி அகலமாக்க வேண்டும். காற்றில் இறுகிய பனி அது, கல் மாதிரி இருக்கும். அறுபத்தொன்பது வயதில் முப்பது அடியைத் தோண்டியிருந்தார், இரண்டரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது.

"எங்கிட்ட குடுங்க" என்று மண்வாரியை வாங்கினேன். வாதாடாமல் கொடுத்தார். அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மீதி இருபது அடியை நான் வெட்டினேன். அவர் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று திட்டினார்.

"இதென்னடா, கோழி கிளறுற மாதிரி கிளறுற. உனக்கு ரெண்டு தடவ சூப் ஊத்துனதெல்லாம் வேஸ்ட்டு."

லாரியைப் பின்பக்கமாக விட்டேன். குழாய் எட்டியது. தொட்டியை நிரப்பிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் காபி இருந்தது. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், கோட்டைக் கழற்றாமல்.

"நீயே ஊத்திக்கோ" என்றார்.

நான் ஊற்றிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பைக்குள் இருந்த கையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது, இருட்டிவிடும். காபியை மூன்றே மடக்கில் குடித்தேன்.

"டெல்மர்கிட்ட மூச்சு விடாத" என்றார். "பாதை தெறந்துடுச்சுல்ல?"

"தெறந்துடுச்சு வெர்னாம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலையில் டெல்மர், குட்டி டிராக்டர் பாதையில் பனி மூடி நிற்பதைப் பார்த்து நடந்தே போயிருக்கிறார். வெர்னாம்மா ஒரு கிண்ணத்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். விரல்கள் ஊதாவாகிக் கறுக்க ஆரம்பித்திருந்தன. ஃபார்கோ ஆஸ்பத்திரியில் மூன்றை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு நாளை வீணாக்கியது நான்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். வராந்தாவில் கார்லா என்னை நிறுத்தினாள்.

"லோவல் அண்ணே, ஒண்ணு கேக்கணும். முழுப் பாதையையும் தானேதான் தெறந்தேன், பேச்சு பேச்சுதான்னு அம்மா சொல்றாங்க. வெரல் போனா என்ன, பாதை தெறந்துடுச்சுங்கிறாங்க. நீங்க அங்க இருந்தீங்கல்ல. நெசமா?"

அவள் முகத்தைப் பார்த்தால், ஆமாம் என்று நான் சொன்னால் விட்டுவிடுவாள் போலத்தான் இருந்தது. ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததில் மூன்று விரல் போயிருக்கிறது, இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லுவோம் என்று எனக்கு ஒரு வேகம். "கடைசி இருபது அடி நான் வெட்டினது" என்றேன். கார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் அண்ணே" என்றாள்.

பேச வேண்டிய அன்று சும்மா இருந்தேன். சும்மா இருக்க வேண்டிய அன்று பேசினேன். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் ஆறவில்லை.

பிப்ரவரியில், டவுனில் அந்த வயசானவர்கள் விடுதியில் அவரைப் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு அறையில், ஜன்னலோரம். ஒரு பெண் வந்து அவர் கோப்பையில் காபி ஊற்றினாள். வெர்னாம்மா அவளை ஊற்றவிட்டார். இடது கையால் எடுத்துக் குடித்தார். அந்தப் பெண் போகும்வரை காத்திருந்து சொன்னார்:

"இருபது அடிதானேடா லோவல்."

கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

"அதக் குடுத்திருக்கக்கூடாதா எனக்கு?"

அதே வாரம் அவர் வீட்டுக்கு லோடு போட வேண்டியிருந்தது. ஆள் இல்லாவிட்டாலும் வீடு சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர்க் குழாயெல்லாம் வெடித்துவிடும். டெல்மர் தன் பெரிய டிராக்டரால் பாதையை ரோடு மாதிரி இருபது அடி அகலத்துக்குத் திறந்து வைத்திருந்தார். ஐந்து நிமிஷ வேலை அவருக்கு. ஆனால் நடுவில் அந்தக் குட்டி டிராக்டர் நின்ற இடத்திலேயே நின்றது, ரஜாயோடு. அதைச் சுற்றி வளைத்துத்தான் பனியைத் தள்ளியிருந்தார். இழுத்துக் கொட்டகையில் போட அவருக்கு எத்தனை நேரம் ஆகும்? போடவில்லை. நானும் அதைச் சுற்றி வளைத்தே லாரியை விட்டேன்.

குழாயை மாட்டிவிட்டுத் தொட்டிப் பக்கத்தில் நின்றேன். யாரும் இல்லாத அந்த வீட்டுக்குள் சூடுபோடுகிற அடுப்பு குப்பென்று பற்றிக்கொள்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.