நூலாகக் கணிக்கப்பட்ட வலை

இழந்த தொழில் உபகரணத்துக்கு அதே பெறுமதியுள்ள உபகரணம் வழங்கப்பட வேண்டும். சுனாமி நிவாரணச் சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. பெறுமதி என்றால் என்னவென்று மட்டும் சொல்லவில்லை.

களுதாவளையில் என் அடுத்த வளவில் ஒரு பெண், வாவியில் (ஊர்ப் பேச்சில் ஆறு) மீன்பிடிக்கும் கணவனுக்குக் கையால் வீச்சுவலை முடிந்து கொடுத்திருந்தாள். அதைக் கடல் கொண்டுபோயிற்று. கடையில் வாங்கிய வலைக்கு வலை கொடுத்தார்கள். வீட்டில் முடிந்ததற்கு நூல் மட்டும். அதை முடிந்து தீரும்வரை அந்த வீட்டில் எதைக்கொண்டு உலை வைப்பது என்பதற்குச் சுற்றறிக்கையில் பந்தி இல்லை.

பொருளின் பெறுமதி அதில் அடங்கிய உழைப்பே என்று பல்கலைக்கழகத்தில் தேநீர் ஆறும்வரை வாதித்தவர்கள் நாங்கள். கடைத்தெரு விலைகளை அது விளக்குகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஆக்கியவருக்குரியதை வேறொருவர் எடுத்துப்போகிறார் என்ற எங்கள் கோபத்துக்கு அது ஒரு கணக்கைக் கொடுத்தது, அதுவே போதுமாயிருந்தது. ஓய்வுபெற்ற பிறகுதான் அதைப் பிரயோகிக்க ஒரு வலை கிடைத்தது. அவளுக்காக மேன்முறையீடு எழுதினேன்.

விசாரணைக்கு வந்த இளம் உத்தியோகத்தர் கெட்டிக்காரர்.

"அப்ப சேர், ஒரு சோம்பேறி ரெண்டு மடங்கு நேரம் எடுத்தா வலைக்கும் ரெண்டு மடங்கு பெறுமதியோ?"

"சோம்பேறியின்ர நேரமில்ல தம்பி. வழக்கமா ஒராளுக்கு எடுக்கிற நேரம்."

அவர் அவளிடம் திரும்பினார். "அக்கா, இதில எவ்வளவு வேலை கிடக்கு?"

"வேலையா? என்ன மனே, சும்மா இருக்கக்குள்ள முடிஞ்சதுதானே."

தன் உழைப்பைத் தன் வாயாலேயே அளந்து சொன்னால் நாவூறு பட்டு வலையில் மீன் ஏறாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கோட்பாட்டில் நாவூறுக்கு இடமில்லாததால் நான் அவளை முன்கூட்டித் தயார்ப்படுத்தவில்லை. உத்தியோகத்தர் 'உழைப்பு: இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

"என்ன தங்கச்சி இது?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலாம் அண்ணன். ஆத்துக்குப் போறது அவரெல்லோ."

நூல் வந்தது. அவள் முடிந்தாள், அதுவரை கணவன் வேறொருவர் தோணியில் கூலிக்குப் போனார். சும்மா இருக்கையில் முடிந்ததும் உழைப்பே என்று நான் மீண்டும் எழுதினேன். பதில் இல்லை. சண்டை எங்களைத் தாண்டி வடக்கே போனது. புது வலையும் பழசாகி, ஒட்டுப் போட்டு நின்றது.

கடைசியில் என் வாதத்தை ஏற்றுக் கடிதம் வந்தது. வலையின் பெறுமதியில் உழைப்பும் சேரும். ஆகவே வலை வழங்கப்படும். அதற்குமுன், ஏற்கெனவே வழங்கிய நூலை வழங்கிய நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

வாசித்துக் காட்டினேன். அவள் வலையைப் பார்த்தாள்.

"இவ்வளவு முடிச்சையும் அவிழ்க்கிறதும் வேலைதானே அண்ணன்? அதுக்கு என்ன தருவாங்களாம்?"

பழக்க தோஷத்தில், கடிதத்தின் மூலையில் அது கிடைத்த திகதியைக் குறித்தேன். போர் முடிந்துவிட்டதென்று வானொலி அறிவித்ததற்கு மறுநாள்.