மரியசெல்வியின் இரண்டு மெஷின்கள்

பச்சை பட்டன் மேல் விரல் இருக்கிறது, ஆனால் அழுத்தவில்லை. இன்னொரு கையில் செல்போன். தொட்டி நிறையக் காபிப் பழம், தண்ணீர் திறந்தாயிற்று, நான்கு பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள். மரியசெல்வி போனை ஒரு தரம் நிதானமாகப் பார்த்துவிட்டு, "அங்க ஏத்திட்டாங்க. நாமளும் ஓட்டலாங்க" என்கிறாள். அதற்கப்புறம்தான் பட்டன். பல்பர் உறுமிக்கொண்டு பழத்தின் தோலை உரிக்கத் தொடங்குகிறது. போன மார்கழி வரை பழம் வரும் நாளெல்லாம் இப்படித்தான்.

சேலத்துக்கு மேலே மலையில், மாரமங்கலத்துப் பக்கம் பல்பருக்குக் கரண்டு மோட்டார் வைத்த முதல் ஆள் நான். சந்தேகம் இருந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மூட்டை தூக்கி மேலே வந்தவன். இந்த மலையில் எந்த மோட்டாரும் என்னிடம் வாலாட்டியதில்லை. அப்படிப்பட்டவனை வாயடைத்து நிற்க வைத்த ஒரே ஆள் என் கொட்டகையிலேயே பல்பர் ஓட்டுகிறாள்.

நாற்பத்தொரு வயது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கொண்டையில் பென்சில். கையில் வளையல் கிடையாது, பெல்ட் பக்கம் போகிறவளுக்கு வளையல் எதற்கு என்பாள். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேலும் பிடியைக் காதிலும் வைத்து, வைத்தியர் நெஞ்சைக் கேட்பது போலக் கேட்பாள். பேரிங் தேய்வதை நான் கண்டுபிடிப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுவாள். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

போனில் ஏதோ நாடகம் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பிடுங்கிப் பார்த்தேன். கறுப்புத் திரை, அதில் ஒரு நீலக் கோடு, ஒரு சிவப்புக் கோடு, சுற்றிலும் எண்கள். பங்குச் சந்தையோ சூதாட்டமோ என்று பகீரென்றது. இல்லை என்றாள். ஐரோப்பாவில், பூமிக்கு நூறு மீட்டர் அடியில், இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம் இருக்கிறதாம். அணுவுக்குள் இருக்கும் பொடியை எதிரும் புதிருமாக ஓடவிட்டு மோத வைக்கிற மெஷின். அது இந்த நிமிஷம் என்ன செய்கிறது என்பதுதான் அந்தத் திரை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

இருபத்தேழு கிலோமீட்டர் என்றால், இங்கிருந்து மலையிறங்கிச் சேலம் போய்ச் சேரும் தூரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். இருபது கொண்டை ஊசி வளைவையும் பாரம் ஏற்றிய லாரியில் ஒரு மணி நேரத்தில் இறக்கிக் காட்டிப் பேர் வாங்கியவன் நான். அந்தப் பொடி ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கொஞ்சம் இளக்காரமாகவே கேட்டேன். ஒரு விநாடிக்குப் பதினோராயிரம் சுற்று என்றாள். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னாள். பக்கத்தில் இருந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இதை யார் இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? "யாருஞ் சொல்லலீங்க. ஒரு வீடியோவுக்குக் கீழ அட்ரஸ் போட்டிருந்துச்சு. தொறந்து பாத்தா நம்ம லாக் புக்கு மாதிரியே இருந்துச்சுங்க. எப்ப ஓடுச்சு, எப்ப நின்னுச்சு, எதுக்கு நின்னுச்சு. அப்படியே புடிச்சுக்கிட்டேன்." மிஷன் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, அங்கே மெஷின் ஓட்டுகிறவர்கள் திரையில் எழுதிப் போடும் குறிப்புகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் செருப்பு மாட்டும்போதே போன் கைக்கு வந்துவிடும். கொட்டகை நோட்டில் வலது பக்கம் நம் பல்பர், இடது பக்கம் அந்த மெஷின். அவள் எழுதிவரும் ஒன்பது வருஷ நோட்டில் ஆறு வருஷம் இப்படி இரண்டு பக்கமும் நிறைந்திருக்கிறது.

அவளுக்கென்று தனி பாஷை உண்டு. பொடியை உள்ளே விட்டால் "ஏத்தறாங்க". வேகம் பிடித்தால் "சுத்து புடிச்சுருச்சு". வருஷக் கடைசியில் மட்டும் "இப்ப ஈயம் ஓடுதுங்க". நாம் உருக்குகிற ஈயமா என்று கேட்டேன். அதேதானாம். ஒருதரம் மரநாய் மாதிரி ஒரு பிராணி அங்கே டிரான்ஸ்பார்மரில் வாய் வைத்து மெஷினே படுத்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு ஒரே சிரிப்பு. நம் டிரான்ஸ்பார்மரில் குரங்கு ஏறி இரண்டு நாள் கரண்டு போன கதையை அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

எனக்குத் தாங்காதது ஒன்று உண்டு. அவ்வளவு பாடுபட்டுச் சுற்றவிட்டதை, பாதி நாள் ஆனதும் அவர்களே கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்றுகிறார்கள். தரையில் விழுந்த ஒரு கொட்டையைக்கூடக் குனிந்து பொறுக்குகிறவன் நான். என்ன அநியாயம் இது என்று கத்தினேன். "மோதி மோதி எளைச்சுப் போனத வச்சு என்ன பண்றதுங்க" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நோட்டில் நேரம் எழுதினாள்.

போன மார்கழியில் கமலாவின் கை பெல்ட்டுக்குள் போனது. பழம் கொட்டிக்கொண்டிருந்தவள், கூடை வழுக்கியது, அவ்வளவுதான். சிவப்பு பட்டன் பத்தடி தூரத்தில். மரியசெல்வி ஓடிப்போய் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் ஜீப்பில் நானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேலத்தில் சேர்த்தேன், கூடவே இருந்தேன், ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. திரும்பி வந்து நோட்டைப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. "4.10. நின்றது. காரணம்: கமலாவின் இரண்டு விரல்."

அதற்குப் பிறகு அவள் அந்த மெஷின் ஓடுவதைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது. எப்படி நிற்கிறது என்று மட்டும் தேடித் தேடிப் படித்தாள். "ஓடறத எல்லாரும் பாத்துக்குவாங்கய்யா. நிக்கறத யாரு பாக்கறது?" என்றாள். வளையம் சுற்றிலும் ஆயிரக்கணக்கில் காவல் கருவிகளாம். ஒவ்வொன்றும் சரி, சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒன்றே ஒன்று வாயை மூடினாலும் மூன்று சுற்றுக்குள் மொத்தத்தையும் பென்சில் கரியில் செய்த ஒரு பெரிய பாளத்துக்குள் கொட்டிவிடும். கண்ணிமைக்கக்கூட நேரம் இல்லை. எப்பேர்ப்பட்ட விஞ்ஞானி வந்து, பரவாயில்லை ஓடட்டும் என்றாலும் ஓடாது.

இந்தப் பருவம் தொடங்கிய அன்று கொட்டகைக்குள் நுழைந்தால், இடுப்பு உயரத்தில் சுற்றிலும் நீல நைலான் கயிறு. எந்த இடத்தில் யார் இழுத்தாலும் ஸ்டார்ட்டர் விழுந்து மோட்டார் நிற்கும். மறுபடி ஓட்டுவதற்கு நான்கு பெண்களும் பெல்ட்டைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி 'சரி' சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கொட்டகையில் நிறுத்து என்று சொன்ன ஒரே வாய் என்னுடையது. கூடை தூக்குகிறவர்கள் கையிலா என் மோட்டார் என்று கேட்டேன்.

"உங்க கையிலதானுங்க இருந்துச்சு, அன்னிக்கும்" என்றாள்.

எனக்கு யாரும் அப்படிப் பதில் சொன்னது கிடையாது. கன்னத்தில் விழுந்தது போல இருந்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை நல்ல பனி. வெள்ளக்கடை ஊரிலிருந்து வந்த பழம் இரண்டு ஜீப் வெளியே நிற்கிறது. திடீரென்று கொட்டகை ஓய்ந்தது. கயிற்றை இழுத்தவள் அத்தாயி, எங்களிடம் ரொம்ப நாளாக இருக்கிற மலைக்காரப் பெண். பெல்ட் கருகுகிற வாசனை வந்தது என்றாள். மரியசெல்வி பெல்ட்டைத் தடவினாள், பேரிங்கைத் தொட்டாள், ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. வெளியே போய்ப் பார்த்தால், வளைவில் யாரோ குளிருக்குப் பழைய டயரைக் கொளுத்திக் காய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

"அத்தாயக்கா மூக்குக்கு ஒரு பூசை போடோணும்" என்றாள் கூடையோடு நின்ற சக்தி. மற்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றன்று பறித்த பழத்தை அன்றன்றே உரிக்காவிட்டால் புளித்துப்போகும். "இனிமே காரணமில்லாம எவ கயித்த இழுத்தாலும், அப்படியே ஊட்டுக்குப் போயிரலாம்" என்றேன். சிரிப்பு நின்றது. அத்தாயி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

மரியசெல்வி என் பேச்சு காதிலேயே விழாதவள் போல நோட்டில் எழுதினாள். "9.40. நின்றது. காரணம்: வாசனை. நிறுத்தியவர்: அத்தாயி." பிறகு ஸ்டார்ட்டர் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். சக்தியும் மற்ற இருவரும் கை தூக்கினார்கள். அத்தாயியும் தூக்கினாள், சட்டென்று, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"அவரப் பாத்துக்கிட்டு சொல்லாதீங்கக்கா. பெல்ட்டப் பாத்து சொல்லுங்க."

"சரிதான் சாமி, ஓட்டு. இனி நான் அந்தக் கயித்துப் பக்கமே போவலீங்க" என்றாள் அத்தாயி.

"அப்ப மெஷின் ஓடாதுங்க."

வெளியே ஜீப்காரன் ஹாரன் அடித்தான். ஓட்டு என்று நான் சொன்னேன். இரண்டாவது தரமும் சொன்னேன். இவள் பன்னிரண்டாவது படித்தவள், நான் முதலாளி, பழம் என்னுடையது, கொட்டகை என்னுடையது. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

"அங்க இப்படியொரு சரிய எடுத்துக்க மாட்டாங்கய்யா" என்றாள் மரியசெல்வி, என் பக்கம் திரும்பாமல். மெயின் பெட்டியைத் திறந்து, பியூஸ் கட்டை ஒன்றை உருவினாள். இனி நானே பட்டனை அழுத்தினாலும் மோட்டார் ஓடாது. நேராக அத்தாயியிடம் போய், அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினாள்.