இடிக்குப் பிடுங்கிய வயர்

என் மருமகள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். திங்கட்கிழமை பரீட்சைக்கான பேப்பர் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் அடித்து வைத்திருந்தாள். அன்று அது புது சிஸ்டத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

"மாமி, நூறு வர்ற வரைக்கும் தொட்டுறாதீங்க."

"நூறா? பள்ளிக்கூடத்துல எனக்கு பத்துக்கு மேல வந்ததே இல்ல புள்ள."

சிரித்துக்கொண்டே வெளியே பீலித் தண்ணியில் குளிக்கப் போனாள்.

திரையில் எண் எண்பதைத் தாண்டியபோது இடி இறங்கியது. போன மழையில் மேல் லயத்து வீடு ஒன்றில் டிவி கருகிப் போயிருந்தது. இங்கே இடி சத்தம் கேட்டால் கை தானாகவே பிளக்குக்குப் போகும். டிவி, தண்ணி சுட வைக்கிற கேத்தல், கடைசியாக கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டேன். பிறகுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரை மட்டும் அவசரமாகத் திரும்பச் செருகினேன். நீலத் திரையில் இங்கிலீஸ் எழுத்து நின்றது.

ஈரத் தலையோடு வந்தவளுக்கு முகம் செத்துப் போனது. "ஐயோ மாமி, நான் எதையோ பிழையா அமுக்கிட்டேன் போல. பேப்பர் எல்லாம் உள்ள இருக்கே."

சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் அதன் வழியிலேயே போனது. "அதுக்கும் என்னைய மாதிரி வயசாயிருச்சு. ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடு, எந்திரிச்சிரும்."

நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். திரும்பத் திரும்ப அதே நீலம். கேத்தலைப் போடப் போனபோது ஆணியில் தொங்கிய வயர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேத்தல் வயரை எடுத்துச் செருகினாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி த்ரீவீலரில் தெரணியகலை டவுனில் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனோம். நனையாமல் குடை பிடிக்கிறேன் என்று நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

கடைக்கார நானா பெட்டியைப் போட்டுப் பார்த்தார். "அப்டேட் ஆகக்குள்ள கரண்ட் போனதா டீச்சர்? போயிருந்தா பழைய சிஸ்டத்துக்குத் திருப்பிப் பாக்கலாம். போகல்லண்டா டிஸ்க்தான் பழுது. அப்ப உள்ளுக்கு இருக்கிறதுக்கு நான் பொறுப்புச் சொல்ல ஏலாது."

நான் வாயைத் திறந்தேன்.

"கரண்ட் போயிருச்சு நானா," என்றாள் மருமகள், என் பக்கம் திரும்பாமல். "இடி நேரம்தானே."

அவர் பென் டிரைவ் ஒன்றைச் செருகி எதையெதையோ அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் பழைய திரை வந்தது. அவள் முதலில் பேப்பரைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது.

"ஒங்கட தோட்டத்துல கரண்ட் இருக்கிற நாளும் இருக்கா?" என்று நானா சிரித்தார். இந்த மாதிரிப் பேச்சை நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. அன்று குடைக் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பாட்டி என்ன, பேச மாட்டாங்களா?"

"நல்லா பேசுவாங்க. இன்னைக்கு மழையில நனைஞ்சிட்டாங்க, அதான்."

குடை என் கையில்தான் இருந்தது. நான் ஒரு சொட்டுகூட நனைந்திருக்கவில்லை.