முதல் ஆறு படங்கள்

அம்பத்தூரில் ஃப்ரைட் ரைஸ் கடைக்குப் போனால், மேசையில் பச்சை மிளகாய் மிதக்கும் வினிகர் கிண்ணத்தை முதலில் தள்ளி வைத்துவிடுவேன். அந்தப் புளித்த நெடி எனக்குச் சாப்பாட்டின் நெடியே அல்ல. கள்ளிக்குப்பத்தில் நான் வைத்திருந்த ஸ்டுடியோவின் இருட்டறை அப்படித்தான் மணக்கும். கழுவுகிற படம் மேலும் கறுத்துப்போகாமல் நிறுத்துவதற்கு அந்த அமிலத்தில்தான் முக்குவோம். நெடி மூக்கில் ஏறியதும் மாமா வந்து நிற்பார். என் அக்காவின் கணவர். காலருக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டையோடு, கறுப்புத் திரைக்கு வெளியே நின்று, "மச்சான், வெளிச்சம் வரலாமா?" என்று கேட்பார். கேட்காமல் ஒருநாளும் அவர் திரையைத் தொட்டதில்லை.

ஆவடித் தொழிற்சாலையில் கிடைத்த பயிற்சி வேலையை நான் உதறியபோது அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். மாமாதான் ஞாயிறுதோறும் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளைப் பார்த்தபடியே, "அவன் கையில ஒரு தொழில் இருக்கு மாமா, விடுங்க" என்பார். ஒரு வருடம் அப்படிச் சொல்லிச் சொல்லியே அப்பாவைக் கரைத்தார். அவர் சொன்னால் நான் கேள்வி கேட்காததற்கு வேறு காரணம் வேண்டுமா?

தொண்ணூறுகளின் தொடக்கம். பருத்திப்பட்டு ஏரிக்கு அப்பால், கால்வாய்க் கரையில் ஓர் அறிவியல் ஆராய்ச்சிப் பூங்கா வரப்போவதாகப் பேச்சு. பூங்கா என்றதும் நான் பூச்செடிகளை நினைத்துக்கொண்டேன். அங்கே இருந்ததோ வேலிக் கம்பங்களும் ஒரு தகரக் கொட்டகையும்தான். அந்தக் கொட்டகையில் மாமாவுக்கு எழுத்தர் வேலை. "காலண்டருக்குப் படம் வேணும் மச்சான். கால்வாய், பனை, வானம். ஆளுங்க மட்டும் வேணாம். ஆள் இருந்தா பாக்குறவன் கண்ணு அங்கயே போயிடும்" என்றார். படம் தெரிந்தவன் பேசுகிற பேச்சு. எனக்குப் பெருமையாக இருந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் போய் இறங்கினேன். தண்ணீர்மேல் வெளிச்சம் பாலாடைபோல் படிந்திருந்தது. கரையோரம் ஐந்து குடிசைகள், கீரைப்பாத்திகள், ஓர் எருமை, கூரைக்கு மேல் கிளைவிடும் அடுப்புப் புகை. கண்ணில் பட்டதையெல்லாம் என் ஆசைக்கு ஆறு படம் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் வேலை நினைவுக்கு வந்தது. அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்த, கீரை விற்கும் அம்மாவிடம் போய், படத்தில் ஆள் வரக்கூடாதாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இன்னா நைனா, எங்க மூஞ்சி காலண்டருக்கு ஆவாதா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொடியிலிருந்த துணிகளை உருவினாள். எருமையை மரத்துக்குப் பின்னால் கட்டினாள். எரிகிற அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். கஞ்சிக்குக் காத்திருந்த பேத்தி சிணுங்கியதும், "தே, சும்மா கெட. சாமி படத்துக்குக் கீழ நம்ம கால்வா தொங்கப் போவுது" என்று அதட்டினாள். குடிசைகள் கருவேல மரங்களுக்குப் பின்னால் மறையும்படி நான் பாலத்தின்மேல் ஏறி நின்றேன். மீதி முப்பது படங்களும் அங்கிருந்து எடுத்தவை. மனித வாடையே இல்லாத மண். என் வாழ்நாளில் எடுத்த மிக அழகான படங்கள் அவை.

படங்களை வாங்க வந்த மாமா நெகட்டிவ்களையும் கேட்டார். "இங்க ஈரத்துல பூஞ்சை புடிச்சிடும். ஆபீஸ் பீரோல பத்திரமா இருக்கும்." அந்த ஆறு படங்கள் இருந்த துண்டையும் சேர்த்தே உறையில் போட்டுக் கொடுத்தேன். அவற்றை நான் அச்சுப் போட்டிருக்கவில்லை.

காலண்டர் வரவேயில்லை. நாலைந்து மாதம் கழித்து, குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இருபது வருடமாக இங்கேதான் இருக்கிறோம் என்று ஐந்து குடும்பமும் மனுக் கொடுத்தன. குடிசைகளை நேரில் பார்த்தவன் என்று விசாரணை நாளில் என்னையும் கூட்டிப்போனார்கள். அதிகாரி மேசைமேல் ஒரு பெரிய படத்தை விரித்தார். அடியில் தட்டச்சு எழுத்தில், 'ஆளில்லாத தரிசு நிலம்'. கீரைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஐய, இது நம்ம நைனா புடிச்ச போட்டா!"

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். இதே சுருளில் முதல் ஆறு படங்களில் குடிசைகள் இருக்கின்றன, நெகட்டிவ் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றேன். "திங்கக்கிழமைக்குள்ள கொண்டாங்க, பாக்கலாம்" என்றார் அதிகாரி. வெளியே வந்ததும் அவள் என் முழங்கையைப் பிடித்தாள். "கெடைச்சுடும் இல்ல நைனா?"

"எங்க மாமாகிட்டதாம்மா இருக்கு" என்றேன். அவ்வளவு நம்பிக்கையாக.

இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்கள். கரையில் நடைபாதை, கல் பெஞ்சுகள். எந்தப் பக்கம் திரும்பி எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும். நான் எடுப்பதில்லை. அந்த ஐந்து குடும்பமும் திருநின்றவூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. தேடிப் போக எனக்குக் கால் வரவில்லை.

விசாரணை நடந்த அன்று மாலையே மாமாவின் வீட்டுக்கு ஓடினேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அக்கா தோசை சுட்டுப் போட்டாள். என் தட்டில் சட்னி தீர்வதைப் பார்த்து அவரே எடுத்து ஊற்றினார். வாசல் கேட் வரை கூட வந்தார். உள்ளே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம்.

"மாமா, அந்த நெகட்டிவ்?"

என் தோளில் கை வைத்தார்.

"எந்த நெகட்டிவ் மச்சான்?"