வேலிக்கு வெளியே முப்பது சென்ட்

நாரணாபுரத்துப் பக்கம், ஒரு பட்டாசு ஆலையின் கம்பி வேலியை ஒட்டி மாடத்திக்கு முப்பது சென்ட் கரிசல் காடு இருந்தது. அப்பா கொடுத்தது. அவள் பிழைப்பும் அதே வேலிக்கு உள்ளேதான். பதினெட்டு வருஷமாக அங்கே சரவெடி பின்னுகிறாள். சிவகாசி ஓரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு காலையில் வேன் பிடித்து வருவாள். லைன் வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரே குழாய். அந்தக் காட்டில் ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் சாமியிடம் வேறொன்றும் கேட்டதில்லை.

2007இல் ஊர் வளர்ந்து அந்தப் பக்கம் வந்தது. ரோட்டோரம் வெள்ளையடித்த மனைக்கற்கள் முளைத்தன. அதே வருஷம் நகரமைப்பு அலுவலகம் புது வரைபடம் போட்டது. மஞ்சள் குடியிருப்பு, ஊதா ஆலை, ஆலையைச் சுற்றிப் பச்சை, அதில் யாரும் எதுவும் கட்டக் கூடாது. அவள் கணவன் செல்லச்சாமி போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"நம்ம காடு பூரா பச்சையில விழுந்திருச்சு புள்ள. ரோட்டுக்கு அங்கிட்டு மஞ்சள்."

மஞ்சளில் விழுந்த நிலத்துக்கு ஒரே வாரத்தில் விலை இரட்டித்தது. மாடத்தி காட்டுக்கு வந்த புரோக்கர் முத்துக்கருப்பன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"மதினி, இனி அதுல ஆடுதான் மேய்க்கலாம். கம்பெனிக்கே குடுத்திருங்க. வேற யாரு வாங்குவாக?"

"ஆடு மேய்க்க ஆளு வேணும், வாரீகளா கொழுந்தனாரே?" என்றாள் மாடத்தி.

சொல்லிவிட்டாளே தவிர, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சரம் பின்னும்போது ஒன்று உறைத்தது. வருஷா வருஷம் ஆலையைச் சோதிக்க வருகிறவர்கள் கட்டடங்களுக்கு விடவேண்டிய பாதுகாப்புத் தூரத்தை வெடிமருந்து கலக்கும் அறையிலிருந்துதான் அளப்பார்கள். டேப்பின் மறுமுனையை எத்தனையோ தடவை அவளே பிடித்திருக்கிறாள். படம் போட்டவர்களோ ஆலை முழுவதையும் ஒரே ஊதாவாகப் பூசி, வேலியிலிருந்து அளந்திருந்தார்கள். வேலியோரத்து ஷெட்டில் மருந்தே கிடையாது. வெறும் காகிதக் குழாயும் அட்டைப் பெட்டியும்தான்.

ஆலைக்குள் ஓடக் கூடாது. காலைத் தேய்த்தும் நடக்கக் கூடாது. பதினெட்டு வருஷத்தில் அவள் நடை வெட்டி வைத்தாற்போல் ஒரே அளவாகியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மருந்தறை வாசலிலிருந்து வேலிவரை நடந்து பார்த்தாள். அறுபது காலடி. அதை அப்படியே செல்லச்சாமியை ஒரு மனுவில் எழுதச் சொல்லி, நகரமைப்பு அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள்.

அதிகாரி சிரித்தார். "காலடிக் கணக்கை எல்லாம் மனுவில எழுதலாமாம்மா? ஒரு காலடின்னா எவ்வளவு?"

மாடத்தி செருப்பைக் கழற்றினாள். வராந்தாவில் இரண்டடிக் கற்கள் பாவியிருந்தன. கல்லுக்கு ஒரு காலடியாகக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். கற்களுக்கு நடுவே இருந்த கோட்டில் ஒருமுறைகூடக் கால் படவில்லை. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்.

"புதன்கிழமை டேப்போட வர்றோம்," என்றார்.

செவ்வாய்க்கிழமை முதலாளி இராமகிருஷ்ணன் கூப்பிட்டு விட்டார்.

"எனக்கு எதிரா மனுப் போட்டிருக்கியாமே?"

"ஒங்களுக்கு எதிரா இல்ல மொதலாளி. படத்துக்கு எதிரா."

"நீ அங்கன வீடு கட்டிட்டா, நாளைக்கு வேலியோரம் நான் இன்னொரு மருந்தறை போட முடியாது. தெரியுமா?"

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல வீட்டில் வசதியில்லை.

"தெரியும் மொதலாளி. வடக்க ஒங்களுக்கு எம்புட்டு எடம் சும்மா கெடக்கு! எனக்கு இது ஒண்ணுதான்."

அவர் மேசைமேல் இருந்த காலண்டர் அட்டையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"போ, போயி சரத்தைப் பாரு. சீசன் நேரம். நாளைக்கு டேப்பு பிடிக்க மட்டும் நீ வராத. இழுத்துப் பிடிச்சிருவ."

சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

புதன்கிழமை டேப் சொன்னதற்கும் அவள் கால் சொன்னதற்கும் இரண்டடிதான் வித்தியாசம். திருத்திய படத்தில் பச்சை முடியும் கோடு அவள் காட்டின் நடுவிலிருந்து கொஞ்சம் ரோட்டுப் பக்கமாகத் தள்ளி விழுந்தது. ரோட்டோரம் பன்னிரண்டு சென்ட் மஞ்சளானது. மீதிப் பதினெட்டு பச்சையாகவே நின்றது.

முத்துக்கருப்பன் இந்தத் தடவை வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டே வந்தார்.

"மதினி, அந்தப் பன்னெண்டுக்கு நீங்க வச்சதுதான் வெல."

"போன மாசமும் இதே மண்ணுதான கொழுந்தனாரே கெடந்துச்சு?" என்று கேட்டு, அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த தை மாதம் அந்தப் பன்னிரண்டு சென்ட்டில் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். ஓர் அறை, அடுப்படி, வாசலில் தனிக் குழாய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு எழும்பின. மாடத்தியின் அடுப்படி ஜன்னலுக்கு நேரே மட்டும் யாராலும் சுவர் எழுப்ப முடியாது. அந்தப் பதினெட்டு சென்ட்டில் அவள் கம்பு விதைத்து, ஓரத்தில் வெண்டை ஊன்றினாள். விலை போகாத அந்தப் பக்கமிருந்துதான் வீட்டுக்குள் காற்று வந்தது.

வேனுக்காகக் காத்து நிற்கும் வேலையும் ஒழிந்தது. முதல் நாளே எண்ணிப் பார்த்துவிட்டாள்: வாசற்படியிலிருந்து ஆலை கேட்டுக்கு முந்நூற்றுப் பத்து காலடி.