சாறும் சக்கையும்

ஜப்பான்காரன் காலத்தில், பீடோங் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தலமாரி காலியாகிவிட்டது. கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஒருவர்தான் மிச்சம். எலும்பின்மேல் தொங்கும் காக்கிச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருப்பார்.

பால்வெட்டு நின்றதால் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகள் சும்மா கிடந்தன. அவற்றைக் கழுவிவைத்து, முருங்கைக்கீரையோ பப்பாளியோ, கிடைத்ததை இடித்துப் பிழிந்து நோயாளிகளுக்கு ஆளுக்கொரு மங்கு கொடுப்பார். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார்.

"சாத்துலதான் சத்து எல்லாம் இருக்கு" என்பார்.

கால் வீங்கிப் படுத்திருந்த என் மனைவி ஒருநாள் மங்கை வாங்கவில்லை.

"சாறு வேணாங்கய்யா. அந்தச் சக்கையக் குடுங்க. வாய் நெறைய மென்னு எத்தன நாளாச்சு."

"சக்கை மாட்டுக்குப் போடுறதும்மா. குடி!"

அவர் அதட்டி அன்றுதான் கேட்டேன். அவள் அழுதுகொண்டே குடித்தாள்.

மூன்றாம் நாள் போய்விட்டாள். அவரிடம் சொல்ல ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போனேன். டிரஸ்ஸர் குந்தியிருந்து, அன்றைய சக்கையை உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் அப்போது மாடு ஏது? என்னைக் கண்டதும் மெல்வதை நிறுத்தினார். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

சாற்றில் ஒரு வாய்கூட அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. நல்லதையெல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கழிவைத் தின்றாரா, அவள் கேட்டதை ஒளித்துவைத்துத் தின்றாரா?

அடிக்கவும் கை எழவில்லை, கும்பிடவும் எழவில்லை. இன்றுவரை.