டிரைவர் பக்கத்தில் வைத்த பை

அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் மேஸ்திரி. நான் அவருக்குக் கையாள். ரெண்டு பேரும் தென்காசிப் பக்கம், வேலை திருவனந்தபுரத்தில். எங்கள் அறையில் ஒடிசாக்காரன் ஒருத்தனும் இருந்தான். இங்கே எல்லாரும் அவனைப் பெங்காளி என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் திருத்துவதில்லை.

சிட்டி பஸ்ஸில் கனமான பையை முன்னால், டிரைவர் பக்கத்தில் வைப்போம். முன்பக்கம் பெண்கள் சீட். அதனால் நாங்கள் பின்னால் போய் நிற்போம். அன்றைக்கு நல்ல கூட்டம். கிழக்கேகோட்டையில் பின் கதவு வழியாகவே இறங்கிவிட்டோம். பஸ் திரும்பிய பிறகுதான் அத்தானுக்குப் பை ஞாபகம் வந்தது. உள்ளே டைல்ஸ் அறுக்கிற மெஷின். முதலாளியுடையது, புதுசு. ஓடினோம். பஸ் போய்விட்டது.

முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். அத்தான் கேட்கவில்லை. அறையில்தான் வைத்திருந்தேன், காலையில் காணோம் என்று மறுநாள் அவரிடம் சொன்னார். முதலாளி சும்மா விடுகிற ஆள் இல்லை. அத்தானைக் காரில் ஏற்றி நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார். யார் மேல் சந்தேகம் என்று அங்கே கேட்டார்கள். அத்தான் ஒடிசாக்காரன் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் வேலை நடக்கிற இடத்துக்கு ஜீப் வந்தது. அவன் சிமெண்டுக் கையோடு ஏறினான். எதற்கு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஒரே அறை என்பதால் என்னையும் சாயங்காலம் வரச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே சாயாக் கடையில் அத்தான் காத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் அவன் உள்ளே தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சட்டை இல்லை.

“அறையில மெஷின பாத்தேன்னு மட்டும் சொல்லு மாப்ளே. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“பாக்கலையே அத்தான்.”

“ஏலே, அவனுக்கு இங்க யாரு இருக்கா? ரெண்டு தட்டு தட்டிட்டு விட்டுருவாங்க. நாளைக்கு வேற ஊருக்குப் போயிருவான். எனக்கு அப்படியா?”

“விடலன்னா?”

அத்தான் போனை எடுத்தார். அக்காவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

“தம்பி, ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன்டா. அவரு உள்ள போயிட்டா நான் என்ன செய்வேன்?”

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நீங்களே போய்ச் சொல்லுங்க அத்தான். இல்லன்னா நான் சொல்லுவேன்.”

“பெரிய யோக்கியன்! உங்கக்கா புருஷன நீயே புடிச்சுக் குடுப்பியால?”

ஆமாம் என்றேன்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து கைகாட்டினார். நான் ரோட்டைத் தாண்டினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

எஸ்.ஐ. முன்னால் அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். பஸ், பை எல்லாம் சொன்னார். எஸ்.ஐ. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகப் பேசினார்.

“அப்போ இது கள்ளப் பராதி, பொய்ப் புகார். மாத்திச் சொன்னா தீர்ந்துன்னு நினைச்சோ? பொய்யா எழுதிக் கொடுத்து ஒருத்தனை இங்கே இருத்தினதுக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு, அறியுமோ?”

“பயந்துபோய்ச் சொல்லிட்டேன் சார்.”

“அவனுக்குப் பயம் இல்லையோ?”

ஒடிசாக்காரனைப் போகச் சொன்னார்கள். அவன் நம்பவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தான். நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

மெஷின் பஸ் டிப்போவில் பத்திரமாக இருந்தது. கண்டக்டர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். போய்க் கேட்டதும் கொடுத்தார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

எஸ்.ஐ. கோர்ட்டுக்கு எழுதினார். அத்தானுக்கு சம்மன் வந்தது. முதலாளி அவரை நிறுத்திவிட்டார். இப்போது கழக்கூட்டம் என்கிற ஊரில் கூலிக்குப் போகிறார். கேஸ் நடக்கிறது. என்ன ஆகும் என்று வக்கீலும் சொல்வதில்லை. வாய்தா அன்றைக்கு வஞ்சியூர் கோர்ட்டில் நானும் நிற்பேன், சாட்சியாக. அத்தான் என்னோடு பேசுவதில்லை. அக்கா பேசுவாள், சாப்பிட்டியா என்று மட்டும்.

ஒடிசாக்காரன் என்னோடுதான் வேலை செய்கிறான். சோறு பங்கு வைப்பான். பஸ் ஏறும்போது மெஷின் பையை நீட்டினால் மட்டும் வாங்க மாட்டான். “நீயே வச்சுக்கோ” என்பான்.

நான் இப்போது பையை முன்னால் வைப்பதில்லை. பின்னால், ரெண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஏறுகிறவர்கள் இடறித் திட்டுகிறார்கள்.